பென்ஷன் வீட்டுக் கோடை

கோடை விடுமுறையைப் பற்றி எழுதாத கதாசிரியர் தமிழில் அனேகமாக இல்லை. மாம்பழம், ஆற்றுமணல், தாத்தா சொன்ன கதை, பாட்டி கையில் உருட்டி வைத்த பழையது - இவையெல்லாம் நானும் எழுதிச் சலித்தவைதான். ஆனால் அந்த விடுமுறை முடிந்து, பேரன் பேத்திகளெல்லாம் ரயிலேறிப் போன மறுநாள் அந்த வீடு எப்படி இருக்கும் என்று நாங்கள் யாரும் எழுதியதில்லை. காரணம் எளிது. அப்போது நாங்கள் அங்கே இருப்பதில்லை.

எனக்கு ஒரே ஒருமுறை அந்தப் பாக்கியம் கிட்டியது. ஏழு வயதிருக்கும். வைகாசிக் கடைசியில், கும்பகோணத்தில் தாத்தா வீட்டில் இருந்தபோது எனக்கு அம்மை போட்டுவிட்டது. என் உடன்பிறந்தவர்கள் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று போய்விட்டார்கள். நான் வேப்பிலைப் படுக்கையில் தங்கினேன். மூன்றாவது தண்ணீர் விட்ட பிறகும், 'உடம்பு தேறட்டும்' என்று பாட்டி என்னை ஆடிப் பதினெட்டு வரையில் அனுப்பவில்லை. ஓய்வு பெற்ற ஒரு குமாஸ்தாவின் வீடு கோடையின் பின்பகுதியில் எப்படி நடக்கிறது என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

தாத்தா ரெவின்யூ இலாகாவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அவருடைய நாள் ஆபீஸ் நாளாகவே இருந்தது. விடியற்காலையில் காவிரிக்கரை. ஆற்றில் தண்ணீர் இராது. மணலில் ஊற்றுத் தோண்டி வைத்திருப்பார்கள். எட்டு மணிக்குப் பேப்பர். பத்து மணிக்குத் திண்ணையில் மேஜைப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும், பட்டா மாற்றமோ, வரி பாக்கியோ, அவரிடம்தான் வருவார்கள். காசு வாங்கமாட்டார். பகல் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரத் தூக்கம். சாயங்காலம் எதிர்த் திண்ணையில் இருக்கும் ரிடையர்டு வாத்தியாருடன் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பற்றித் தர்க்கம். தண்ணீர் போதுமான வருஷங்களில் ஜூன் 12-ஆம் தேதி அணையைத் திறப்பது வழக்கம். திறந்த தண்ணீர் நம் படித்துறைக்கு என்றைக்கு வந்து சேரும் என்பதில் அந்த இரு கிழவர்களுக்கும் வருஷா வருஷம் பந்தயம் உண்டு. பந்தயப் பொருள் ஒரு பொட்டலம் சீவல்.

பாட்டியின் நாளோ வேறு விதம். பேரப்பிள்ளைகள் போன மறுநாள்தான் அவளுக்கு உண்மையான கோடை வேலை ஆரம்பம். எங்களுக்குச் சமைத்துப் போட்ட நாட்களில் தள்ளிப்போட்டதையெல்லாம் ஆடிக் காற்று பலப்படுவதற்குள் முடித்தாக வேண்டும். காற்று எழும்பினால் மாடியில் வடாத் துணியும் நிற்காது, மணல் விழுந்து வடாமும் வாயில் வைக்க உதவாது. விடியுமுன் கூழ் கிளறிச் சூரியன் முகம் காட்டுமுன் இட்டுவிடுவாள். பிறகு மோர் மிளகாய், கொத்தவரங்காய் வற்றல், புளி கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைத்தல், வருஷத்துச் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் காயவைத்தல். காக்கை விரட்டும் உத்தியோகம் எனக்கு. மூங்கில் கழியும் கறுப்புக் குடையும் கொடுத்து என்னை மாடியில் உட்கார்த்திவிடுவாள்.

"தாத்தா மட்டும் தூங்குறாரே, நீ ஏன் பாட்டி தூங்கலே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவருக்கு பென்ஷன் வருது, தம்பி. எனக்கு யாரு கொடுக்குறா?" என்றாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தக் கேள்விக்கு எங்கள் தஞ்சைச் சீமையில் ஒரு பழைய சரித்திரம் உண்டு. பிற்காலத்தில் ஒரு நாவலுக்காகப் புத்தகங்களைப் புரட்டியபோது அதைப் படித்தேன்.

பென்ஷன் என்பது எங்கள் ஜில்லாவில் முதன்முதலில் குமாஸ்தாவுக்கு வந்ததல்ல, ராஜாவுக்கு வந்தது. 1799-இல் இரண்டாம் சரபோஜி மன்னர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு ராஜ்யத்தை ஒப்படைத்தார். அதற்குப் பதிலாக வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடாவும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைத்தன. அவருக்குப் பின் 1832-இல் பட்டத்துக்கு வந்த சிவாஜி மன்னர் 1855-ஆம் ஆண்டு அக்டோபரில் ஆண் வாரிசு இல்லாமல் காலமானார். கம்பெனி உடனே ராஜ வம்சமே முடிந்துவிட்டதென்று தீர்மானித்தது. அரண்மனை, நகை, நிலம் எல்லாவற்றையும், ராஜாவின் சொந்தச் சொத்தையும் சேர்த்தே, கையகப்படுத்திக்கொண்டது.

மூத்த ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் கம்பெனியின் மீதே வழக்குத் தொடுத்தார். ஜான் புரூஸ் நார்ட்டன் என்ற ஆங்கிலேய வக்கீல் அவருக்காக வாதாடினார். சென்னையில் ராணிக்குச் சாதகமாகவே தீர்ப்பாயிற்று. கம்பெனி லண்டனுக்கு அப்பீல் போயிற்று. 1859-இல் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. இது அரசாங்கம் அரசாங்கமென்ற முறையில் செய்த காரியம், நியாயமோ அநியாயமோ கோர்ட்டு அதை விசாரிக்க முடியாது என்பதுதான் சாரம். பிறகு 1862-இல் சர்க்காரே மனமிரங்கி, சொந்தச் சொத்தை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது.

கொடுத்ததென்னவோ கொடுத்தாயிற்று. ஆனால் உரிமை என்று கொடுக்கவில்லை. கருணை என்று கொடுத்தது. அரண்மனை அந்தப்புரத்தில் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரிந்திருக்கும். உரிமையாக வருவதை வாங்கும்போது தலை நிமிர்ந்திருக்கலாம். கருணையாக வருவதை வாங்கும்போது குனிய வேண்டும்.

அடுத்த நூற்றிருபது வருஷங்களுக்கு இந்த நாட்டில் பென்ஷனின் கதை இந்தக் குனிவின் கதைதான். 1871-இல் பென்ஷன் சட்டம் வந்தது. அதில் ஒரு நல்ல அம்சம் இருந்தது: கடன்காரன் எவனும் ஒருவருடைய பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது. தாத்தாவின் பென்ஷன் கைக்கு வரும் முன்னே செட்டியார் கடையில் தைரியமாகச் சாமான் கொடுத்ததற்கும், எங்கள் தெருவில் 'பென்ஷன் வீடு' என்று எங்கள் வீட்டுக்கு ஒரு தனி மதிப்பு இருந்ததற்கும் மூலகாரணம் மாதம் தவறாமல் வரும் அந்தப் பணந்தான். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. பென்ஷன் சம்பந்தமாகச் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் முதலில் கலெக்டர் போன்ற அதிகாரியிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும். கொடுக்கிறவனைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்கவில்லையென்று வழக்குப் போடலாம் என்றால், அது உரிமையாகுமா?

இதைவிட முக்கியமான விஷயம் வேறு. வெகுகாலம்வரை சாதாரண குமாஸ்தாவின் பென்ஷன் அவருடைய மூச்சோடு முடிந்துவிடும். புருஷன் கண்ணை மூடினால், முப்பது வருஷம் அவருக்கு வேளா வேளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து ஆபீஸுக்கு அனுப்பியவளுக்குச் சர்க்காரிடமிருந்து நிரந்தரமாக ஒன்றுமில்லை. பிள்ளை கையை எதிர்பார்க்க வேண்டியதுதான். 1964 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் மத்திய சர்க்காரில் குடும்பப் பென்ஷன் திட்டம் இன்று நாம் அறிந்த உருவத்தில் வந்தது, மாநிலங்களும் பின்பற்றின. அப்போதும் மத்திய சர்க்கார் திட்டத்தில், ஓய்வு பெறுகிறவர் தம் கிராஜுவிட்டியில் இரண்டு மாதச் சம்பளத்தை அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1977-இல்தான் அந்தப் பிடித்தம் நின்றது. 1964-க்கு முந்தியவர்களின் விதவைகளுக்கு வழி பிறக்க, விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1985-இல் தீர்வு காண வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ!

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

அந்த அம்மை வருஷத்தில் தினம் சாயங்காலம் ஒரு பூக்கார ஆயா எங்கள் திண்ணையோரம் கூடையை இறக்குவாள். பாட்டி வயதுதான். கோடை முடியும் சமயத்தில் மல்லிகை குறைந்து வியாபாரம் படுத்துவிடும். கூடையில் கதம்பம் இரண்டு முழந்தான் மிஞ்சியிருக்கும். தாத்தா ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"இந்தா ஆயா, சர்க்கார்லே வயசானவங்களுக்குப் பென்ஷன் கொடுக்கிறான். ஒரு மனு எழுதித் தர்றேன். கைநாட்டு வை. போதும்."

அந்தத் திட்டம் நம் மாநிலத்தில் 1962-இல் வந்தது. உழைத்துப் பிழைக்க முடியாத, கேட்பாரற்ற முதியவர்களுக்கு மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது. ஆபீஸ் உத்தியோகமே பார்க்காதவர்களுக்கும் பென்ஷன் உண்டு என்ற எண்ணமே அந்தக் காலத்தில் ஒரு பெரிய துணிச்சல்தான். மத்திய சர்க்கார் இதைத் தேசம் முழுவதற்குமாக, மாதம் 75 ரூபாய் என்று கொண்டுவந்தது 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-இல்தான்.

தாத்தா எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். 'ஆதரிப்பார் எவருமற்ற அனாதை' என்ற இடம் வந்ததும் ஆயா கையை நீட்டி மறித்தாள்.

"அப்படி எழுதாதீங்க ஐயா. எனக்கு மகன் இருக்கான்."

"அவன்தான் திருப்பூர்ப் பக்கம் போய் ஏழு வருஷமா எட்டிப் பார்க்கலையே?"

"பார்க்கலேன்னா இல்லேன்னு ஆயிடுமா? நான் உசிரோட இருக்கையிலே பெத்த பிள்ளையை இல்லேன்னு கைநாட்டு வைக்கணுமா? வேண்டாம் ஐயா."

தாத்தா ரெவின்யூ இலாகாக்காரர். விதி என்றால் விதி. மகன் உண்டென்று எழுதினால் மனு நிற்காது என்பது அவருக்குத் தெரியும். சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். பிறகு காகிதத்தை நாலாக மடித்துப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டார். அந்தக் காகிதம் வெகுநாள் அங்கேயே கிடந்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு தம்ளர் காப்பியும், முதல் நாள் இட்ட வடாத்தின் உடைசல் ஒரு படியும் கொண்டுவந்து கூடையில் போட்டாள். "வாய்க்கு ருசியாயிருக்குதான்னு பார்த்துச் சொல்லு. காரம் தூக்கலோன்னு எனக்குச் சந்தேகம்" என்றாள். காரம் சரியாகத்தான் இருந்தது, எனக்குத் தெரியும்.

தாத்தா அதற்கு அடுத்த வருஷம் காலமானார். பாட்டி குடும்பப் பென்ஷனுக்கு உரியவளானாள்.

நம் மாநிலத்தில் அப்போது சர்க்கார் பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய்த் தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர வேண்டியிருந்தது. 'மஸ்டரிங்' என்று அதற்குப் பெயர். ராணுவத்தில் சிப்பாய்களை எண்ணுவதற்கு வைத்த பெயர், கிழவர்களை எண்ண வந்துவிட்டது. பல ஆண்டுகளாக அது ஏப்ரல் முதல் ஜூன் வரையில்தான் நடந்தது. வெயிலில் நாயும் வெளியே தலைகாட்டாத மாதங்கள். எனக்குப் பதினோரு வயதான கோடையில் பாட்டிக்குத் துணையாக நான் போனேன்.

ஊரின் பெயரையும் ஆபீஸின் பெயரையும் சொல்ல வேண்டாம். வராந்தாவில் ஐம்பது அறுபது பேர். தாழ்வாரத்து நிழல் பத்து மணிக்கே சுருங்கிவிட்டது. பெஞ்சில் இடம் ஆண்களுக்கு. பாட்டியும் இன்னும் நாலைந்து பெண்களும் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்கள். அத்தனை பேரும் ஒரு காலத்தில் ஏதேனும் ஓர் ஆபீஸில் இன்னொருவரைக் காக்கவைத்தவர்கள், அல்லது அப்படிக் காக்கவைத்தவர்களின் மனைவிமார். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு பாட்டியின் முறை வந்தது. குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமலே ஒரு படிவத்தைத் தள்ளினார்.

"என்ன தம்பி போட்டிருக்கு?" என்று பாட்டி என்னைக் கேட்டாள். நான் உரக்க வாசித்தேன். நான் உயிருடன் இருக்கிறேன். நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். பாட்டிக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அவள் சிரிக்கவில்லை. குமாஸ்தாவைப் பார்த்து, "இதை வருஷா வருஷம் எழுதணுமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரூல் அம்மா. நான் என்ன செய்யட்டும்?" என்றார் அவர். பொய் சொல்லவில்லை, அவரால் ஒன்றும் செய்ய முடியாதுதான். என் தாத்தாவும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார்.

பாட்டி கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து, வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தாள். வழியெல்லாம் பேசவில்லை. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னாள்: "அந்தப் பூக்காரி கைநாட்டு வைக்கமாட்டேன்னு சொன்னாளே, அவ கெட்டிக்காரி."

அப்போது எனக்குத் தெரியாத ஒரு செய்தியைப் பிற்காலத்தில் தெரிந்துகொண்டேன். பாட்டி அந்தத் தரையில் உட்கார்ந்திருந்ததற்கு ஏழெட்டு வருஷம் முன்பே, 1982-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, நகாரா என்ற ஓய்வு பெற்ற அதிகாரி முதலானோர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருந்தது. பென்ஷன் என்பது எஜமானன் இஷ்டப்பட்டுப் போடும் பிச்சையல்ல, கருணையுமல்ல. செய்த வேலைக்கான உரிமை என்பது அதன் சாரம். 1971-இலேயே அந்தக் கோர்ட்டு இதைச் சொன்னதுண்டு. 1982-இல் அது நாடு முழுவதும் கேட்கும்படியாகச் சொல்லப்பட்டது. ஓய்வூதியர்கள் இன்றும் டிசம்பர் 17-ஐத் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். தஞ்சாவூர் அரண்மனையில் 1859-இல் இழந்தது, 123 வருஷங்களுக்குப் பிறகு டில்லியில் கிடைத்தது என்று நான் எண்ணிக்கொள்வது உண்டு. சட்டம் படித்தவர்கள் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்வார்களோ என்னவோ!

ஆனால் தீர்ப்பு டில்லியிலிருந்து புறப்பட்டு எங்கள் ஊர் வராந்தாவுக்கு வந்து சேர, மேட்டூர்த் தண்ணீர் படித்துறைக்கு வருவதைவிட அதிக காலம் பிடித்தது. உரிமை என்று சொன்ன பிறகும் தரையில் உட்கார்த்தி வைக்கலாம். கருணை என்று வைத்துக்கொண்டும் ஒரு தம்ளர் காப்பியை மரியாதையாகக் கொடுக்கலாம். இரண்டையும் நான் ஒரே வீட்டுக் கோடைகளில் பார்த்தேன்.

காலம் மாறித்தான் இருக்கிறது. 2014 நவம்பர் முதல் விரல் ரேகையை இயந்திரத்தில் வைத்தே உயிர்ச் சான்று கொடுக்கும் வசதியை மத்திய சர்க்கார் ஏற்படுத்தியது. பூத்தொடுத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்த விரல்களை இயந்திரம் சில சமயம் அடையாளம் காண மறுக்கிறது என்பது வேறு விஷயம். 2003 ஏப்ரலுக்குப் பிறகு தமிழ்நாட்டு சர்க்கார் வேலையிலும், 2004 ஜனவரிக்குப் பிறகு மத்திய சர்க்கார் வேலையிலும் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனுக்குப் பதில் பங்களிப்புத் திட்டம் வந்தது. எங்கள் தெருவில் சொன்ன பொருளில் 'பென்ஷன் வீடு' என்ற சொல் அத்தோடு தேயத் தொடங்கிற்று. வயதானவர்களோ பெருகியிருக்கிறார்கள். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி அறுபது வயதைத் தாண்டியவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 8.6, தமிழ்நாட்டில் 10.4. இவர்களில் பெரும்பாலோர் எந்த ஆபீஸிலும் வேலை பார்த்தவர்களல்ல. வயலிலும் அடுப்படியிலும் பூக்கூடையோடும் உழைத்தவர்கள். எந்த ரிஜிஸ்தரிலும் அவர்களுடைய சர்வீஸ் ஏறவில்லை.

பாட்டியின் சர்வீஸும் ஏறவில்லைதான். அவளுக்கு வந்த பணம் தாத்தாவின் உழைப்பில் ஒரு பங்கு என்று கணக்கு. அவளுடைய சொந்த உழைப்புக்கு ஓய்வுபெறும் வயது என்று ஒன்று கிடையாது. மாதம் பணம் வந்ததும் அதில் ஒரு சிறு தொகையை வெற்றிலையில் மடித்துப் பூக்கார ஆயாவிடம் கொடுத்துவிடுவாள். அதற்கு மனுவும் இல்லை, படிவமும் இல்லை. "பூ பாக்கி" என்று அதற்கு அவர்கள் இருவரும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். விதவையான பாட்டி பூ வாங்குவதில்லை. சுவாமி படத்துக்கு அரை முழம் போதும். ஆனால் பாக்கி மட்டும் ஒரு மாதமும் தீர்ந்ததில்லை.

பாட்டி ஓர் ஆவணி மாதத்தில் இறந்துபோனாள். அப்பா சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு எழுதிப் பென்ஷனை நிறுத்தச் செய்தார். அதற்கும் ஒரு படிவம் இருந்தது. வீட்டைக் காலி செய்தபோது பரணில் நாலு டப்பா வடாமும், ஒரு பானைப் புளியும் இருந்தன. அந்தக் கோடையில், ஆடிக் காற்றுக்கு முன்னால் அவள் இட்டவை. மூன்று டப்பாக்களை நாங்கள் பங்கு போட்டு எடுத்துக்கொண்டோம். நாலாவதைப் பூக்கார ஆயாவிடம் கொடுத்துவிட்டு வரும்படி அம்மா என்னை அனுப்பினாள். ஆயா மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"காரம் சரியாத்தான் இருக்கு. அம்மாகிட்டே..." என்று ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள்.